முறுக்கு விற்க முகநூலில் எப்படி எழுதுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வீட்டிலிருந்து பலகாரம் விற்பவர்கள் அதிகம் சறுக்குவது முதல் வரியில்தான். "அனைவருக்கும் வணக்கம், எங்கள் அன்பான வாடிக்கையாளர்களே" என்று தொடங்கினால் முகநூல் மீதியை "See more" என்பதற்குள் மடித்துவிடும். விரலால் தள்ளுகிறவர் முறுக்கைப் பற்றிப் படிக்கவே மாட்டார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "நெய் முறுக்கு, அரை கிலோ 18 ரிங்கிட். வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொன்னால் ஞாயிறு காலை கோயில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம்." பொருள், எடை, விலை, நாள், இடம் எல்லாம் இரண்டே வரியில் வந்துவிட்டன.

"விலைக்கு பி.எம். செய்யவும்" (தனிச்செய்தி அனுப்பிக் கேட்கவும்) என்று எழுத வேண்டாம். கேட்கக் கூச்சப்படுபவர் அப்படியே போய்விடுவார். மேலும், இணையத்தில் விற்பவர் முழு விலையைக் காட்ட வேண்டும் என்பது மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதி.

படத்தைக் காலையில் சன்னலோரம் எடுங்கள். குழல்விளக்கின் கீழ் முறுக்கு வெளிறிப்போகும், ஃபிளாஷ் போட்டால் எண்ணெய் மினுங்கும். ஒரு முறுக்கை உடைத்து, உள்துளை தெரிய வையுங்கள். மொறுமொறுப்பை அதுவே சொல்லும். இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 பிக்சல் நெட்டுப்படம் திரையை நன்றாக நிரப்பும்.

கேள்வி கேட்பதானால் ஒரு சொல்லில் பதில் வருவதாகக் கேளுங்கள்: "காரமா, நெய்யா?" பதிவிட்டதும் கைத்தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் வரும் ஒவ்வொரு பதிலுக்கும் மறுமொழி எழுதுங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். முன்பதிவு முடியும்வரை தினமும் புதுப் படம் போடுங்கள். தீர்ந்துவிட்டால் உடனே "முடிந்தது" என்று பழைய பதிவிலும் திருத்துங்கள்.