தொற்றுக் காலத்தில் ஊர் அருங்காட்சியகம் செய்யக்கூடாதவை

பெருந்தொற்று என்றதும் முதலில் பூட்டப்படும் கட்டடங்களில் அருங்காட்சியகமும் ஒன்று. 2020 மார்ச்சில் அதுதான் நடந்தது. ஆனால் பூட்டிய பிறகும் ஊருக்குத் தர அதனிடம் நிறைய இருக்கிறது: பெரிய கூடம், பள்ளிகளோடு பழக்கம், ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கத் தெரிந்த ஆட்கள். அவசரத்தில் செய்யும் காரியங்கள்தான் இவை எல்லாவற்றையும் கெடுக்கின்றன.

மருந்தடிக்க என்று தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வருபவரைக் காட்சிக்கூட வாசலிலேயே நிறுத்துங்கள். பிளீச்சிங் கரைசலில் இருக்கும் குளோரின் சேர்மங்கள் செப்பு, வெண்கலப் படிமங்களுக்கு எமன். குளோரைடு உலோகத்தில் ஏறி, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்தால், வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்துக் கொட்டத் தொடங்கும். இதை வெண்கல நோய் என்பார்கள். பொடியைத் துடைத்தாலும் நிற்காது, அடியில் அரிப்பு தொடரும். தஞ்சாவூர் ஓவியத்தில் ஈரம் பட்டால் தங்க ரேக்குக்குக் கீழே இருக்கும் சுண்ணப்பூச்சு இளகி உதிரும். ஆல்கஹால் தெளித்தால் வார்னிஷ் கரையும். புகைபோல அடிக்கும் ஃபாகிங்கும் வேண்டாம், அது பெட்டி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும்.

பொருளைத் தொடவே வேண்டாம் என்பதுதான் நல்ல செய்தி. 2020-இல் வந்த ஆய்வக முடிவுகளின்படி கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24 மணி நேரம் வரை, செம்பில் 4 மணி நேரம் வரைதான் தாக்குப்பிடித்தது. யாரோ தொட்ட பொருளைத் தனி அறையில் மூன்று நாள் வைத்தாலே போதும். மருந்து தேவைப்படுவது கைப்பிடி, கதவு, கழிப்பறைக் குழாய் போன்றவற்றுக்கு. 5 சதவீதப் பிளீச்சிங் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் 49 பங்கு கலந்தால் 0.1 சதவீதம் கிடைக்கும். கழிப்பறை ஆசிட் இருக்கும் வாளியில் இதை ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது துணியை மருந்தில் நனைத்துக்கொள்ள வேண்டும், கண்ணாடியின் மேல் அடிக்கக் கூடாது. சானிடைசர் நுழைவாயிலிலேயே இருக்கட்டும், கை காய்ந்த பிறகு உள்ளே வரட்டும்.

பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. நெதர்லாந்தின் சிங்கர் லாரன் அருங்காட்சியகம் தொற்றால் மூடிக் கிடந்தபோது, 2020 மார்ச் 30 அதிகாலையில் வான்கோவின் ஓவியம் ஒன்று திருடுபோனது. நம் ஊரில் திருடனைவிடப் பூஞ்சைதான் முந்தும். ஏ.சி. நின்ற அறையில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் ஓலைச்சுவடியிலும் தோலிலும் அது படியத் தொடங்கும். வாரம் இருமுறையாவது ஒருவர் டார்ச்சோடு சுற்றி வரவேண்டும்.

சேவை என்றால் உடனே இணையதளம், மெய்நிகர் சுற்றுலா என்று ஓடுவதும் பிழைதான். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோடும் வீட்டுக்கு அது எட்டாது. அந்த வீட்டுக்கு ஒரு காகித உறை போதும்: ஒரு பொருளின் கோட்டோவியம், நான்கு கிரயான், பாட்டியிடம் கேட்டு எழுத இரண்டு கேள்விகள். ரேஷன் கடை, அங்கன்வாடி வழியாகக் கொடுத்தால் தபால் செலவும் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் அருங்காட்சியகம் 2020-இல் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து தன் வளாகத்திலேயே உணவுப் பொருள் வழங்கியது. சுற்றியிருந்த மக்களுக்கு அப்போது அதுதான் தேவையாக இருந்தது.

கூடத்தைத் தடுப்பூசி முகாமுக்குக் கொடுக்கலாம். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2021-இல் நீலத் திமிங்கல உருவத்தின் கீழேயே ஊசி போட்டார்கள். நீங்கள் கொடுப்பது பொருட்கள் இல்லாத தரைத்தளக் கூடமாக இருக்கட்டும். ஊசிக்குப் பின் அரைமணி உட்கார வைக்க நாற்காலி போட இடம் வேண்டும். தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரியில் நிற்கவேண்டும் என்பதால் அதற்குத் தனி மின் இணைப்பு கொடுங்கள். டீயும் பிஸ்கட்டும் வெளியே. சிந்திய துணுக்குக்கு வரும் கரப்பான் அடுத்து சுவடிப் பெட்டிக்கும் போகும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது இந்தக் காலத்தின் சான்றுகளைச் சேகரிப்பதில். முகக்கவசம், கடை வாசலில் ஒட்டிய அறிவிப்பு, கோலமாவில் போட்ட இடைவெளி வட்டத்தின் படம் எல்லாமே நாளைய ஆவணங்கள். ஆனால் துக்க வீட்டில் போய்க் கேட்பது அசிங்கம், சில மாதம் பொறுங்கள். நோயாளியின் முகமோ மருத்துவச் சீட்டோ எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வேண்டாம். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்கினால் சுருங்கிப் போகும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். யார் தைத்தது, எந்தத் துணி, எந்தத் தெரு, எந்த மாதம் என்று அன்றே எழுதி வைக்காத முகக்கவசம் ஐந்து வருடத்தில் வெறும் துணியாகிவிடும். அதன் எலாஸ்டிக் கெட்டியாகி உடையும் முன்பே அமிலமில்லாத தாளில் சுற்றி, மடிக்காமல் வையுங்கள்.