பெண்களுக்கு சிஆர்டி: ஈசிஜியில் 150 வரும்வரை காத்திருக்க வேண்டாம்

குடியாத்தம், ஆரணி பக்கமிருந்து வேலூருக்கு இதய டாக்டரைப் பார்க்க வரும்போது எக்கோ ரிப்போர்ட் மட்டும் போதாது. ஈசிஜி தாளையும் கையோடு கொண்டு வாருங்கள், பழையது உட்பட. இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்க வைக்கும் சிஆர்டி பேஸ்மேக்கரைப் பற்றிய முடிவு பாதி அதில்தான் இருக்கிறது.

தாளின் ஓரத்தில் 25 மிமீ/வினாடி என்று இருந்தால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். க்யூஆர்எஸ், அதாவது கீழறைகளுக்கு மின்துடிப்பு பரவ ஆகும் நேரத்தைக் காட்டும் அலையின் அகலம், மூன்றேகால் கட்டம் என்றால் 130 மில்லிசெகண்ட், மூன்றேமுக்கால் என்றால் 150. பக்கத்திலேயே 'எல்பிபிபி', அதாவது இதயத்தின் இடது பக்க மின்பாதையில் அடைப்பு, என்று இருக்கிறதா பாருங்கள். வலது பக்க மின்பாதை அடைப்பு, அதாவது ஆர்பிபிபி என்றால் கீழே வரும் கணக்கு பொருந்தாது.

மருந்துகளைச் சரியான அளவில் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட்டும் ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) 35-க்கு மேல் ஏறாமல், மூச்சிரைப்பும் விடாமல் இருந்தால்தான் சிஆர்டி பேச்சு. எல்பிபிபியோடு 150-ம் அதற்கு மேலும் என்றால் ஆண், பெண் இருவருக்கும் பலன் உண்டு. வித்தியாசம் 130-லிருந்து 149 வரைதான். 2014-ல் மூன்று ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த இடைவெளியில் பெண்களுக்கு மரணமோ இதயச் செயலிழப்போ நேரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. ஆண்களுக்குக் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. பெண்ணின் இதயம் சிறியது, இயல்பான க்யூஆர்எஸ்ஸும் குறுகல். அந்த அளவுக்கு 135 என்பதே பெரிய தாமதம். மாரடைப்புத் தழும்பு இல்லாத இதய வீக்கம் பெண்களிடம் அதிகம் என்பதும் ஒரு காரணம். அமெரிக்க இதயத்துடிப்பு நிபுணர் சங்கமான எச்ஆர்எஸ்ஸின் 2023 வழிகாட்டுதல் பெண்களுக்கு 120–149-லேயே உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஐரோப்பியர்கள் 130-க்குக் கீழே இறங்குவதில்லை. "150 வரட்டும், பார்க்கலாம்" என்று சொன்னால், பெண்ணுக்கும் அதே கணக்குதானா என்று நேராகக் கேளுங்கள்.

வைக்கும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது, இதயச் சுவரில் துளை விழுவது போன்ற சிக்கல்கள் பெண்களுக்குச் சற்று அதிகம். எந்த ரத்தக்குழாய் வழியாக ஒயர் போடுகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். கருவி வைக்கும் இடத்தில் பிரா பட்டை உரசும். எந்த இடம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஜாக்கெட்டுக்குள் போனைச் செருகும் பழக்கத்தை அன்றோடு விடவேண்டும்: கருவிக்கும் போனுக்கும் 15 செ.மீ. இடைவெளி வேண்டும்.

செக்கப்பில் இரண்டு அறைகளும் சேர்ந்து துடித்த சதவீதத்தைக் கேளுங்கள். 98-க்குக் கீழே என்றால் கூடுதல் துடிப்போ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ (மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) குறுக்கிடுகிறதா என்று தேடுவார்கள். படுத்தால் விக்கல் போல வயிறு துடித்தால் ஒயர் உதரவிதான நரம்பைத் தூண்டுகிறது என்று பொருள். பெரும்பாலும் கத்தி வைக்காமல், அமைப்பை மாற்றியே நிறுத்திவிடுவார்கள்.