60% தள்ளுபடியில் நிஜமாக எத்தனை ரூபாய் மிச்சம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

போன தீபாவளி விற்பனையில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன். 9,999 ரூபாயைக் கோடு போட்டு அடித்து, கீழே 3,999, பக்கத்தில் "60% தள்ளுபடி" என்று இருந்தது. வந்து சேர்ந்த பிறகு எங்கள் தெருமுனைக் கடையில் விசாரித்தால் அதே மாடல் 3,850, அதுவும் ஜார் மக்கர் பண்ணினால் கடைக்காரரே பார்த்துக் கொடுப்பாராம். அம்மா திட்டவில்லை, சிரித்தார். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் கீழே இருக்கிற மாதிரிதான் செய்கிறேன். ஒரு துண்டுக் காகிதம் போதும்.

படி 1: கோடு போட்டு அடித்த விலையை மறந்துவிடுங்கள். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்ச வரம்பு மட்டும்தான், மருந்து மாதிரி சிலவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் தயாரிப்பாளரே அதைப் போட்டுக்கொள்கிறார். மாடல் எண்ணை அப்படியே நகல் எடுத்து வேறு இரண்டு தளங்களில் தேடுங்கள், பக்கத்துக் கடையிலும் கேளுங்கள் (கடைசி ஓர் எழுத்து மாறினால்கூட வேறு மாடலாக இருக்கலாம், கவனம்). அமேசானில் என்றால் பழைய விலை எப்படி ஏறி இறங்கியது என்று கீப்பா (Keepa) என்கிற தளம் வரைபடமாகவே காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

படி 2: "வரை", "முதல்" என்கிற பொடி எழுத்துகளைத் தேடுங்கள். "80% வரை" என்றால் எங்கோ ஒரு செருப்புக்கு மட்டும் 80. "40% + 20%" என்பது 60 அல்ல. 1,000 ரூபாய் 600 ஆகி, அதில் 20% போய் 480, ஆக 52%தான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33%, அதுவும் உங்களுக்கு மூன்று தேவைப்பட்டால்.

படி 3: வங்கி ஆஃபர். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறோம். "10% உடனடித் தள்ளுபடி" என்பதைத் தொட்டு, விரியும் நிபந்தனைகளில் மூன்றை மட்டும் பாருங்கள்: குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு கழிப்பார்கள், எந்த அட்டைக்கு. உச்சவரம்பு 1,500 என்றால் 24,000 ரூபாய் வாஷிங் மெஷினுக்கு 2,400 கழியாது, 1,500தான் கழியும், அதாவது 6.25%. சிலது கிரெடிட் அட்டை இ.எம்.ஐ.யில் வாங்கினால் மட்டும் என்று இருக்கும், டெபிட் அட்டை வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடையாது.

சரி, வட்டியே இல்லாத தவணை என்கிற அந்த "நோ காஸ்ட் இ.எம்.ஐ."? 12,000 ரூபாய்ப் பொருளை மாதம் 2,000 வீதம் 6 மாதம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். வங்கி 15% வட்டி போடுகிறது, அது சுமார் 508 ரூபாய், அதை விற்பவர் விலையில் முன்கூட்டியே கழித்துவிடுவதால் உங்களுக்கு வட்டி இல்லாத மாதிரி தெரிகிறது. ஆனால் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. சுமார் 91 ரூபாய் உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் 326 ரூபாய் கூட. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொல்லியாயிற்று.

படி 4: பணம் கட்டும் பக்கத்தில் நிதானமாக நில்லுங்கள். டிக் போட்டபடி வருகிற நன்கொடை, காப்பீடு எல்லாவற்றையும் எடுங்கள். பிளாட்ஃபார்ம் கட்டணம், டெலிவரி எல்லாம் சேர்த்துக் கடைசியில் வரும் ரூபாயைக் காகிதத்தில் எழுதி, படி 1இல் கிடைத்த விலையோடு ஒப்பிடுங்கள். இப்படிக் கேட்காமலே கூடையில் போடுவது, கட்டணத்தைக் கடைசியில் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது, பொய்யாக அவசரப்படுத்துவது உட்பட 13 தந்திரங்களை 2023 நவம்பர் 30 அன்று வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. "வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சம் பிடிக்கத் தெரியாது" என்று நம் வாயாலேயே சொல்லவைக்கும் பொத்தான்கூட அந்தப் பட்டியலில் உண்டு! "இன்னும் 9 நிமிடம்" என்று கடிகாரம் ஓடினால் மூடிவிட்டு பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (பழைய தடம் இல்லாத தனிச் சாளரம்) திறந்து பாருங்கள், மறுபடி முதலிலிருந்து ஓடினால் அது நாடகம்.

படி 5: திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பணம் திரும்புமா, பொருளை மாற்றித் தருவது மட்டுமா? கேஷ்பேக் வங்கிக் கணக்குக்கா, காலாவதியாகிற வாலட்டுக்கா? இரண்டு பொருளில் ஒன்றைத் திருப்பினால் கூப்பன் தொகையைப் பிடித்துக்கொள்வார்களா?

ஏமாந்துவிட்டால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். கையில் ஸ்கிரீன்ஷாட் இருக்க வேண்டும். ஆஃபர் வரி, விரித்த நிபந்தனைகள், கடைசித் தொகை, மூன்றையும் பணம் கட்டும் முன்பே எடுத்துவிடுங்கள், மேலே மணியும் தெரிகிற மாதிரி. விற்பனை முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் இருக்காது.