பழைய குரூசர் வாங்குகிறீர்களா? முதலில் பின்தளத்தில் போய் நில்லுங்கள்

படகு எஞ்சின் வேலை பார்ப்பவன் என்பதால், பழைய கேபின் படகு வாங்கப் போகிறவர்கள் என்னையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். விற்பவர் கேபின் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். வந்தவர் உள்ளே நுழைந்து மெத்தையை அழுத்திப் பார்ப்பார், அடுப்பைத் திருகுவார், கழிப்பறைக் கதவைத் திறந்து மூடுவார். பாதி மனது அங்கேயே விழுந்துவிடும். விடியலில் போய் மதியம் திரும்புகிற கரையோர மீன்பிடிக்குக் கேபினில் வேலை குறைவு. மழைக்கு ஒதுங்கலாம், சாமான் வைக்கலாம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் நிற்கப்போவது பின்தளத்தில். சொகுசாகச் சுற்றிவரக் கட்டிய படகை நாம் மீன்பிடிக்குத் திருப்பப் பார்க்கிறோம். அது திரும்புமா, திரும்பாதா என்பதைப் பின்தளம்தான் சொல்லும்.

பக்கச் சுவரை ஒட்டி நின்று தண்ணீரைப் பார்த்துக் குனியுங்கள். சுவரின் விளிம்பு தொடையின் நடுவில் முட்ட வேண்டும். முழங்காலளவுதான் இருக்கிறது என்றால் ஒரு அலை போதும், ஆள் வெளியே. சுவரின் அடியில் கால்விரல் நுழைய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால், மீனைத் தூக்கக் குனியும்போது உடம்பு முழுக்க முன்னால் சாயும்.

அப்புறம் இரண்டு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். தானாக வடிந்து வெளியே போகிறதா, இல்லை தரைக்கு அடியில் போய்த் தேங்குகிறதா? வடிந்தால் நல்லது, ஆனால் சோதனை முடியவில்லை. கூட வந்தவர்களைப் பின்பக்க மூலையில் ஒன்றாக நிற்கச் சொல்லுங்கள். வடிகால் துளை தண்ணீருக்குள் அமிழ்ந்து, கடல் உள்ளே வர ஆரம்பித்தால், அந்தப் படகு பின்பக்கப் பாரம் தாங்காது. மீன்பெட்டி, ஐஸ், இரைத்தொட்டி எல்லாம் பின்னால் வைக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, போகும் வழியையும் நடந்து பாருங்கள். சொகுசுப் படகுகளில் பக்கவழி ஒரு பாதம் அகலம்கூட இருக்காது. ஆடுகிற கடலில், கையில் நங்கூரத்தோடு அதில் போக முடியுமா? முடியாது என்றால், கேபினின் மேல் திறப்பு வழியாக நின்றபடியே நங்கூரம் போட வழி இருக்க வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் நான் அந்தப் படகை விட்டுவிடுவேன்.

நீளம் 20 முதல் 28 அடிக்குள் பார்த்தால் போதும். அடிப்பாகத்தின் வி வடிவம் பின்முனையில் 20 பாகைக்கு மேல் இருந்தால் ஓடும்போது அலையை நன்றாக வெட்டும், நின்றால் உருளும். 15 பாகை பக்கம் வந்தால் நிற்கும்போது அமைதி, ஓடும்போது முதுகைப் பதம் பார்க்கும். கரையோர மீன்பிடியில் பாதி நாள் மிதந்துகொண்டுதான் இருப்போம், அதனால் எனக்கு 18 பாகை பக்கம் இருக்கும் படகுதான் பிடிக்கும். மேலே இன்னொரு ஓட்டுநர் மேடை கட்டிய சின்னப் படகு எனக்கு ஆகாது. உயரத்தில் பாரம் ஏறினால் ஆட்டமும் ஏறும்.

இனி தட்டிப் பார்க்கிற வேலை. ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் போதும். ஃபைபர் படகு என்றாலும் தரையிலும், பின்சுவரிலும், அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு கட்டைகளிலும் உள்ளே பிளைவுட் இருப்பது பழைய படகுகளில் சாதாரணம். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்கும். ஊறிப்போன இடத்தில் 'தொப்' என்று அடங்கும். பின்சுவரில் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் என்றால் அதைப் பாதி தூக்கி நிறுத்தி, கால்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். பின்சுவர் கூடவே அசைந்தால் உள்ளே மரம் செத்துவிட்டது. விற்பவர் சம்மதித்தால் இன்னொன்றும் செய்யுங்கள். பின்சுவரின் கீழ்ப்பகுதியில் ஆழமானியின் சென்சாரைப் பிடித்திருக்கும் திருகு ஒன்றைக் கழற்றுங்கள். திருகு துருப்பிடித்து, ஓட்டையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிந்தாலோ, ஈரமான மரத்தூள் மரையில் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

அடியில் சிறு கொப்புளங்கள் இருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். குத்தினால் வினிகர் வாடையோடு நீர் வரும். கொஞ்சம் இருந்தால் பேரம் பேச ஆகும். உடல் முழுக்க இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். போனதும் நான் செய்வது எஞ்சின் மேல் கை வைத்துப் பார்ப்பது. "இப்பத்தான் சூடாக்கி வச்சேன் அண்ணே, ஒரே தட்டுல எடுக்கும்" என்று ஒருவர் சொன்னால், நான் காத்திருந்து ஆறிய பிறகுதான் சாவியைத் திருகுவேன். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். கியர் பெட்டியின் கீழ்த் திருகையும் லேசாகத் தளர்த்துங்கள். முதல் சொட்டுகள் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும்போது தனி எண்ணை விட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

உள்ளே உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் எஞ்சினில், உப்புத் தண்ணீர் ஓடும் புகைக்குழாய்ப் பாகங்கள் உள்ளிருந்தே அரித்துவிடும். ஐந்தாறு வருடம் தாண்டினால் சந்தேகப்படலாம். எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் கால்பகுதி பின்சுவருக்கு வெளியே) என்றால் பின்சுவரில் இருக்கும் ரப்பர் உறையை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். அது கிழிந்தால் கட்டிப் போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். தரைக்கு அடியில் அலுமினிய பெட்ரோல் தொட்டி இருந்தால், அதற்கு மேலே தரையில் இருக்கும் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வாடை வந்தால், தொட்டியை மாற்றத் தரையையே வெட்ட வேண்டியிருக்கும்.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முழு வேகத்தில், எஞ்சின் கம்பெனி சொன்ன சுழற்சியை எட்ட வேண்டும். பல அவுட்போர்டுகளுக்கு அது நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை. எட்டவில்லை என்றால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அடியில் பாசி, இல்லாவிட்டால் எஞ்சினே தளர்ந்துவிட்டது. அடுத்து, கியரில் போட்டுக் குறைந்த வேகத்தில் விடுங்கள். இரை இழுத்துப் போகிறவர்களுக்கு இதுதான் தேவை. பெரிய எஞ்சின் சில சமயம் இதற்கு மேல் மெதுவாகப் போக மறுக்கும். கடைசியில் எஞ்சினை நிறுத்தி, அலைக்குப் பக்கவாட்டில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். யாருக்குத் தலை சுற்றுகிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள். கரைக்கு வந்ததும் தரைக்கடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

வாங்கியாயிற்று. இனி எதை மாட்டுவது என்று கேட்பார்கள். முதலில் கழற்றுங்கள். கம்பளத்தைக் கிழித்தெறியுங்கள். உப்பும் தூண்டில் முள்ளும் அதில்தான் தங்கும். அடுப்பு, டிவி, வெயில் காயும் மெத்தை, பின்சுவரை ஒட்டிய சோபா எல்லாம் போகட்டும். கூடவே எங்கும் போய்ச் சேராத பழைய வயர்களையும் வெட்டி எடுங்கள்.

புதிய வயருக்கு ஈயம் பூசிய செம்பு மட்டும்தான். சாதா செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். பேட்டரி இரண்டு வேண்டும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும், மற்றது விளக்கு, ரேடியோ, பம்புக்கு. பேட்டரியிலிருந்து கிளம்பும் வயருக்கு 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வையுங்கள். தரைக்கடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. படகில் அதில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதன் மிதவை ஸ்விட்சை மெயின் ஸ்விட்ச் வழியாகக் கொடுக்காதீர்கள். ஃபியூஸ் வைத்து நேராகப் பேட்டரியிலிருந்து கொடுங்கள், அப்போதுதான் படகைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் பம்ப் ஓடும். உள்ளே பெட்ரோல் எஞ்சின் இருந்தால், காற்று வெளியேற்றும் விசிறியை 4 நிமிடம் ஓடவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், கீழே தேங்கி நிற்கும். மெதுவாக ஓடும்போது புகையும் பின்பக்கத்திலிருந்து கேபினுக்குள் சுழன்று வரும். உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

பழைய படகோடு ரேடியோவும் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்துக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினால் 9 இலக்க அடையாள எண் ஒன்று போகும். அது பழைய சொந்தக்காரரின் எண்ணாக இருந்தால், உங்களைத் தேடுகிறவர்கள் அவர் வீட்டுக்குப் போன் போடுவார்கள். அதை மாற்றி, ஜிபிஎஸ்ஸோடும் இணையுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி இருந்தால் அதன் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவசர அழைப்புக்கான சேனல் 16 எங்கே இருக்கிறது என்று படகில் ஏறும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

தூண்டில் தாங்கிகளுக்காக உடனே துளை போடாதீர்கள். முதல் சில மாதம் கம்பியில் கவ்விப் பிடிக்கும் தாங்கிகளை வைத்து ஓட்டுங்கள். கை தானாக எங்கே போகிறது, ராடு எதில் இடிக்கிறது என்று அப்போது தெரியும். பிறகு துளை போடும்போது, தளத்தின் உள்ளே மரமோ நுரையோ இருந்தால் பெரிய துளையாகப் போட்டு, எபாக்சி பிசின் நிரப்பி, அது இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவில் துளையிடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காது. அடியில் அகலமான தகடு, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் போல்ட். ஆழமானியின் சென்சாரையும் நேராகப் படகில் திருகாமல், பின்சுவரில் ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி அதில் மாட்டுங்கள். இடம் சரியில்லை என்றால் பலகையில்தான் ஓட்டை, படகில் இல்லை. புரொப்பெல்லர் கலக்கும் நுரையிலிருந்து தள்ளி, தண்ணீர் வழுவழுவென்று வெளியேறும் இடமாகப் பாருங்கள். கரையோர ஆழத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் தெளிவாகக் காட்டும்.

நங்கூரத்தைப் பற்றி விளையாட்டாக இருக்காதீர்கள். மணலுக்குத் தட்டை நங்கூரம், பாறைக்குக் கொக்கி நங்கூரம். சங்கிலி குறைந்தது படகின் நீளம், அதற்கு மேல் ஆழத்தின் 5 முதல் 7 மடங்கு கயிறு. பாறையில் போடுவதென்றால் சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் பூட்டி, மேல்வளையத்தில் மெல்லிய நூலால் கட்டுங்கள். சிக்கிக்கொண்டால் நூல் அறுந்து, நங்கூரம் தலைகீழாக உருவிக்கொண்டு வரும். எத்தனை சோம்பலாக இருந்தாலும் பின்பக்கத்திலிருந்து நங்கூரம் போடாதீர்கள். தட்டையான பின்சுவரில் அலை மோதி உள்ளே ஏறிவிடும்.

மீன்பெட்டியும் இரைத்தொட்டியும் கடைசி. 100 லிட்டர் தொட்டி என்றால் 100 கிலோ. வைக்கும் இடத்தை முடிவு செய்வதற்கு முன், அதே இடத்தில் அதே அளவு தண்ணீரைப் பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பி வைத்து, இரண்டு பேரைப் பின்னால் நிறுத்தி, வடிகால் துளைகளைப் பாருங்கள். துளை அமிழ்ந்தால் தொட்டியை முன்னால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் சின்னதாக வாங்குங்கள்.