ஈஸ்டர் காலைச் சாப்பாடு: தூக்கக் கலக்கத்தில் செய்கிற தவறுகள்

ராயபுரம் புனித ராயப்பர் கோயிலோ பெரம்பூர் லூர்து மாதா கோயிலோ, சனிக்கிழமை இராத்திரி பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வீடு வந்து சேர மணி ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். விடியற்காலை ஆராதனைக்குப் போகிற சபைக்காரர்கள் இருட்டோடு எழுந்தாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஈஸ்டர் அன்று சமைக்கப்போகிறவர் நாலு மணி நேரம் தூங்கினாலே பெரிது. அன்றைக்கு அடுப்படியில் நடக்கிற முக்கால்வாசிக் குளறுபடிக்கு மூலம் இதுதான். என்ன செய்யலாம் என்று பட்டியல் போடும்போது நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஆளை மனதில் வைத்துப் போடுகிறோம். காலையில் கரண்டி பிடிப்பது வேறு ஆள்.

முதல் தவறு, எட்டு மணிக்கு டிபன், ஒரு மணிக்கு பிரியாணி என்று இரண்டு சமையல் வைத்துக்கொள்வது. பத்தரை, பதினொன்றுக்கு ஒரே சாப்பாடாக முடித்துவிடலாம். ஹோட்டலில் இதைத்தான் பிரஞ்ச் என்று சொல்லித் தலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல், பெரிய வெள்ளிக்குக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்ட வயிறுக்கும் இது நல்லது. ஆப்பம், தேங்காய்ப்பால், ஒரு கறிக்குழம்பு, அவித்த முட்டை, பழம். இதற்கு மேல் ஒன்று சேர்ப்பதானால், அதை யார் செய்யப்போகிறார்கள் என்று பெயரைச் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

ஆப்பத்தில்தான் கணக்கு தப்பும். பத்துப் பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் முப்பது ஆப்பம். ஒன்றுக்கு மாவு ஊற்றிச் சுழற்றி, மூடி, எடுக்க இரண்டரை நிமிடம் வைத்தாலும் ஒரே சட்டியில் ஒன்றேகால் மணி நேரம் நிற்க வேண்டும். முதலில் உட்கார்ந்தவர் கை கழுவிவிட்டு டி.வி. பார்க்கப் போயிருப்பார், சுடுகிறவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். இரண்டு சட்டி வையுங்கள். பெரும்பாலான வீட்டில் இரண்டு பர்னர் அடுப்புதான், அதனால் ஆப்பம் தொடங்குவதற்கு முன்பே குழம்பு கொதித்து இறங்கியிருக்க வேண்டும். இரண்டாவது சட்டி இல்லையா, இடியாப்பத்துக்கு மாறிவிடுங்கள். இட்லிப் பானையில் ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வெந்துவிடும். ஆப்பத்தில்தான் ஈஸ்டர் இருக்கிறது என்று பிடிவாதம் பிடிக்கிறவர் வீட்டில் இருந்தால், சட்டிக்கு முன்னால் அவரையே நிறுத்துங்கள்.

அடுத்தது மாவு. சனிக்கிழமை மத்தியானமே அரைத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஏப்ரல் மாதத்துச் சென்னையில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில், அந்த மாவு இராத்திரி பத்துக்கே பொங்கி வழிந்து, காலையில் புளித்த வாடை அடிக்கும். அப்புறம் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் ருசி திரும்பாது. கள் ஊற்றிப் புளிக்க வைத்த காலம் போய்விட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இப்போது ஈஸ்ட்தான், அல்லது முந்தைய நாள் எடுத்துப் புளிக்க வைத்த தேங்காய்த் தண்ணீர். இரண்டு டம்ளர் பச்சரிசிக்கு ஒரு கைப்பிடி சோறு, அரை மூடித் தேங்காய், கால் டீஸ்பூன் ஈஸ்ட் போதும். அரிசியைச் சாயங்காலம் ஊற வைத்து, ஒன்பது மணிக்கு அரைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புங்கள். பாத்திரத்தில் பாதிதான் மாவு இருக்க வேண்டும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். திரும்பி வந்ததும் படுக்கப் போகாமல் ஒரு முறை திறந்து பாருங்கள். நன்றாகப் பொங்கியிருந்தால் நேராக ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். உப்பும் சர்க்கரையும் காலையில்.

தேங்காய்ப்பாலை இராத்திரியே பிழிந்து மேடையில் வைப்பது இன்னொரு வம்பு. இந்த வெயிலுக்கு அது விடியும்வரை தாங்காது. தேங்காயைத் துருவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அடித்துப் பிழியப் பத்து நிமிடம். குளிர்ந்த தண்ணீரில் பிழிந்தால் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். ஸ்டூ செய்கிறவர்கள் முதல் பாலை ஊற்றிவிட்டுத் தளதளவென்று கொதிக்க விடக்கூடாது, திரிந்துவிடும். இரண்டாம் பாலில் வேக விட்டு, அடுப்பை அணைத்த பிறகு முதல் பால்.

கறிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு கறிக்கடையில் நிற்கிற கூட்டத்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டுமா? சனிக்கிழமை வாங்கிவிடுங்கள். ஸ்டூவா பாயாவா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள், இரண்டும் வேண்டாம். என்னைக் கேட்டால் பாயா. சனிக்கிழமை சாயங்காலமே ஆட்டுக்காலை இஞ்சி, மிளகு, மஞ்சள் போட்டுக் குக்கரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டுவிடலாம், மறுநாளைக்கு ருசியும் கூடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது ஜெல்லி மாதிரி உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். காலிலிருந்து இறங்கிய ஜெலட்டின் அது, சூடேறினால் கரைந்துவிடும். மேலே படிந்த கொழுப்பை அப்போது சுலபமாக வழித்து எடுத்துவிடலாம்.

இதில் ஒரு ஆபத்தான தவறு இருக்கிறது. பெரிய குண்டானோடு சூடாக அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பூசைக்குப் போவது. நடுவில் இருக்கிற குழம்பு ஆறவே மணிக்கணக்காகும், அந்த இளஞ்சூட்டில்தான் கிருமிகள் பெருகும். சமைத்த கறியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொது விதி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அதனால் சின்னச் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஓரம் மட்டும் கொதித்தால் போதாது, முழுக்கக் கொதிக்க வேண்டும். கூடவே சனிக்கிழமையே சிலிண்டரை ஒரு முறை அசைத்துப் பாருங்கள்.

மீன் இல்லாமல் என்ன பண்டிகை என்கிற வீடுகள் காசிமேட்டைச் சுற்றி நிறைய. அவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும், விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை. 2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20, தடைக்குள். 2027-இல் மார்ச் 28, கவலையில்லை. 2028-இல் ஏப்ரல் 16, மறுபடியும் தடைக்குள். அந்த மாதிரி வருடத்தில் வஞ்சிரத்துக்கு ஆசைப்படாமல், ஃபைபர் படகில் அன்றைக்கு என்ன வந்ததோ அதை வாங்குங்கள். பெரிய மீன் என்று ஐஸில் கிடந்ததை அதிக விலை கொடுத்து வாங்குவதைவிடச் சின்ன மீன் வறுவல் எவ்வளவோ மேல்.

முட்டை: அன்றைக்கு வாங்கிய புது முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும். நாலைந்து நாள் முன்பே வாங்கி வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் இறக்கிப் பதினொரு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் அதிக நேரம் வெந்துவிட்டது என்று அர்த்தம், கெட்டுப்போனது இல்லை. பிள்ளைகள் சாயம் பூசுவதற்கு மஞ்சள் தூள், பீட்ரூட், வெங்காயத் தோல் வேக வைத்த தண்ணீரோடு கொஞ்சம் வினிகர் போதும். அலங்காரத்துக்கு நாள் முழுக்க வெளியில் வைத்த முட்டையைச் சாயங்காலம் யாருக்கும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

பழத்தில் சொல்ல ஒன்றுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் மாம்பழத்துக்கு அலையாமல் தர்பூசணி வாங்குங்கள், உட்காரும்போது வெட்டுங்கள். நன்னாரி சர்பத்தை ஒரு ஜக்கில் கலந்து வைத்தால் காபி, டீ என்று அடுப்புக்குப் போட்டியாக வருகிறவர்கள் குறைவார்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டுத் தட்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய ஆறிய ஆப்பத்தை அனுப்புவது சரியில்லை. முதலில் சுட்ட ஆறேழு ஆப்பத்தை எடுத்து ஹாட்பாக்ஸில் வைத்துவிடுங்கள். கறி சாப்பிடாத வீடு என்றால் தேங்காய்ப்பாலைத் தனி டப்பாவில், குழம்புக் கரண்டி படுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். பத்து மணிக்கே பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டால், அவர்களும் காலை டிபனோடு சேர்த்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள்.