கடலுக்குப் போகுமுன் இடும் கையெழுத்து

தேங்காப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குக் கிளம்பும் படகு கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். எங்கள் குடும்பத்தின் பிட்காயின் சேமிப்பு மூன்று சாவிகள் கொண்ட கூட்டு வாலட்டில் இருக்கிறது. அண்ணன், அண்ணி, நான் ஆகிய மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். அண்ணனும் நானும் ஒரே படகில் போய்விட்டால் கரையில் அண்ணியின் சாவி ஒன்றுதான் மிஞ்சும். 2017ஆம் ஆண்டு ஓகிப் புயலில் இக்கரையின் எத்தனையோ வீடுகள் ஆண்களை இழந்ததைக் கண்ட பிறகு, முன்கூட்டியே கையெழுத்திட்டு வைக்காமல் நாங்கள் கடலுக்குப் போவதில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள், முழு இருப்பையும் கரையில் இருப்பவரின் தனி முகவரிக்கு அனுப்பும் பரிவர்த்தனை ஒன்றை ஸ்பாரோ வாலட் என்ற கணினிச் செயலியில் உருவாக்குங்கள். கையெழுத்திடுமுன் லாக்டைம் பகுதியில், படகு வழக்கமாகத் திரும்பும் நாளிலிருந்து இருபது நாளாவது தள்ளி ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்கு முன் நெட்வொர்க் அந்தப் பரிவர்த்தனையை ஏற்காது. தேதிக்குப் பதில், பரிவர்த்தனைகள் பதிவாகும் தொகுப்பான பிளாக்கின் வரிசை எண்ணாகவும் குறிக்கலாம். நாளொன்றுக்குச் சுமார் 144 பிளாக் என்பதால், 60 நாளுக்கு 8640ஐ இன்றைய பிளாக் எண்ணுடன் கூட்ட வேண்டும்.

சாவியை வைத்திருந்து கையெழுத்திடும் கையடக்கச் சாதனத்தின் சிறு திரையில் தெரியும் முகவரியை நான் நான்கு நான்கு எழுத்தாக வாசிக்க, அண்ணி தம் முகவரி எழுதிய தாளில் விரல் வைத்து ஒத்துப்பார்ப்பார். பிறகு எங்களில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு, பாதி கையெழுத்தான அந்தப் பரிவர்த்தனைக் கோப்பை (பி.எஸ்.பி.டி.) மெமரி கார்டில் அவரிடம் கொடுப்போம். இரண்டாவது கையெழுத்தை அவர் தேவை வரும்போது இட்டால் போதும்.

கையெழுத்திட்ட பின், பரிவர்த்தனையைப் பிளாக்கில் சேர்க்க நெட்வொர்க்குக்குத் தரும் கட்டணத்தையும் மாற்ற முடியாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 840000ஆவது பிளாக் வந்த 2024 ஏப்ரல் 20 அன்று கட்டணம் பல மடங்கு ஏறியது. அப்படியொரு நாளில் குறைந்த கட்டணப் பரிவர்த்தனை வரிசையிலேயே கிடக்கும். எனவே அதே நாணயங்களைக் (வாலட்டுக்குத் தனித்தனியே வந்து சேர்ந்த தொகைகளைக்) கொண்டு, அதே முகவரிக்கு, குறைந்த கட்டணத்தில் ஒன்றும் நிறைந்த கட்டணத்தில் ஒன்றுமாக இரண்டு கோப்புகளில் கையெழுத்திடுங்கள். ஒரே நாணயங்களைச் செலவழிப்பதால் இரண்டில் ஒன்றுதான் நிறைவேறும்.

நாங்கள் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். கோப்பை ஒப்படைத்த மறுநாள் காலை, டீசல் பாக்கிக்காக அதே வாலட்டிலிருந்து சிறு தொகை அனுப்பினோம். கோப்பு குறிப்பிட்டிருந்த நாணயம் அதில் செலவாகிவிட்டதால் கோப்பே செல்லாததாகியது. கரை திரும்பிய பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. அந்த நாற்பது நாளும் அண்ணியின் கையில் இருந்தது வெறும் கார்டு. இப்போது கையெழுத்திட்ட உடனே அந்த நாணயங்களை வாலட்டில் முடக்கிவிடுகிறோம். பிறகு வந்து சேரும் பணமும் பழைய கோப்பில் அடங்காது.

பத்திரமாகத் திரும்பியதும் கோப்பை அழித்தால் மட்டும் போதாது, ஏனெனில் அதன் நகல் எங்காவது இருக்கலாம். முடக்கத்தை நீக்கி, லாக்டைம் தேதிக்கு முன்பே இரண்டு கையெழுத்துடன் அந்த நாணயங்களைக் கூட்டு வாலட்டின் புதிய முகவரிக்கே அனுப்புங்கள். அது பிளாக்கில் ஏறி ஆறு உறுதிப்படுத்தல்கள் கிடைத்த பிறகு (அதாவது அந்தப் பிளாக்குடன் சேர்த்து ஆறு பிளாக்குகள் வந்த பிறகு), அடுத்த பயணத்துக்கான கோப்பைப் புதிதாக உருவாக்கலாம்.