பழைய தேவாலயத்துக்குப் போகிறீர்களா? முதலில் உட்காருங்கள்

பழைமையான தேவாலயத்துக்குள் கால் வைத்ததும் நம்மில் பலர் கைபேசியைத்தான் எடுக்கிறோம். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளிருட்டு பழகவே சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் எடுக்கிற படத்தில் கறுத்த தூண்களும் வெளிறிய சன்னல்களும்தான் மிஞ்சும். பின்வரிசை பெஞ்சில் பேசாமல் போய் உட்காருங்கள். கண் பழகப் பழக, சுவரில் இருக்கும் ஓவியம் மெல்லத் தெரியவரும். முன்னால் தலைகுனிந்திருப்பவர் அழுதுகொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். அப்படி ஒருவருக்குப் பக்கத்தில் நின்று நான் ஒருமுறை படம் எடுத்துவிட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்றும் உறுத்துகிறது. ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம்.

அண்ணாந்து பார்த்தபடியே சுற்றிவிட்டுத் திரும்புவது இன்னொரு தவறு. பிரான்சின் சார்த்தர் பேராலயம் 1194 தீவிபத்துக்குப் பிறகு பெரும்பாலும் புதிதாக எழுப்பப்பட்டது. அதன் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. ஆனால் தரையில் சுமார் 13 மீட்டர் அகலத்தில் கல்லில் பதித்த வட்டச் சுழல்பாதை ஒன்று இருக்கிறது. பல நாட்களில் நாற்காலிகள் அதை மறைத்திருக்கும், அதன்மேலேயே நடந்து போகிறவர்கள் ஏராளம். கண்ணாடிகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தால் கதை பிடிபடாது. அங்குள்ள பெரும்பாலான சன்னல்களில் கதை கீழிருந்து மேலே ஏறுகிறது.

வழிபாடு நடக்கும்போது நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிப் போவதுதான், என்னைக் கேட்டால், பெரிய இழப்பு. வழிபாட்டின் நடுவே சுற்றித் திரிவதுதான் தவறு. உட்கார்ந்து கேட்க வருகிறவர்களை எந்த மதத்தவர் என்று பார்க்காமல் பெரும்பாலான தேவாலயங்கள் வரவேற்கும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற தேவாலயத்தில் சுற்றிப் பார்க்கத்தான் கட்டணம், வழிபாட்டுக்கு இல்லை. பாடகர் குழுவின் குரல் அந்தக் கல் வளைவுகளில் மோதி இறங்குவதைக் கேட்டால்தான் அவ்வளவு உயரமான கூரையின் அருமை புரியும். எல்லோரும் எழும்போது எழுங்கள். முழந்தாளிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, அமர்ந்திருக்கலாம்.

நற்கருணை நேரத்தில், அதாவது வழிபாட்டில் அப்பம் வழங்கும்போது, மட்டும் கவனம் வேண்டும். வரிசை நகர்கிறதே என்று கூடவே போய்விடாதீர்கள். கத்தோலிக்கரின் திருப்பலி வழிபாட்டில் அந்த அப்பம் அவர்களுக்குக் கிறிஸ்துவின் உடல். மற்றவர்கள் இருக்கையிலேயே இருப்பதுதான் மரியாதை. மற்ற சபைகளில் முறை வேறுபடும் என்பதால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பீடத்தின் அருகே சிறு விளக்கு அணையாமல் எரிந்தால் அங்கே நற்கருணை அப்பம் வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்துங்கள். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் திருவுருவப் படங்கள் நிறைந்த தடுப்புக்கு அப்பால் போகவே கூடாது.

உடையைப் பொறுத்தவரை, தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தில் அப்படி இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பெயர்பெற்ற பேராலயங்களோடு நின்றுவிடாமல் சிறிய ஆலயங்களுக்கும் போங்கள். அங்கே பூ மாற்றிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வணக்கம் சொல்லி, "இது எப்போது கட்டியது?" என்று கேட்டுப் பாருங்கள். பலகையில் எழுதாத கதையெல்லாம் அவரிடம் இருக்கும். கிளம்பும்போது காணிக்கைப் பெட்டியில் முடிந்ததைப் போடுங்கள். பல இடங்களில் ஒழுகும் கூரையைச் சரிசெய்வது அந்தப் பணம்தான்.